பறவை வரும் இடம்: ஒரு பழைய கணக்கு



போன இதழ் வந்த மறுநாள் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது தெருவிலிருந்து ஒரு அம்மா கேட்டிருந்தார்: "பையனுக்குப் பள்ளியில் பறவைகள் பற்றிப் புராஜெக்ட். கள்ளக்குறிச்சி பக்கத்தில் போனால் நிச்சயமாகப் பார்க்கலாம் என்று சொல்லும்படி எந்தப் பறவை எங்கே இருக்கிறது?" பத்து நிமிடம் கழித்துப் பூங்காவுக்கு எதிர்வீட்டிலிருந்து இன்னொன்று: "பூங்கா ஓரத்துத் தூங்குமூஞ்சி மரங்களில் கொக்குகள் கூடு கட்டி எச்சம் போடுகின்றன. காரை நிறுத்த முடியவில்லை, நாற்றம் தாங்கவில்லை. கிளைகளை வெட்டிவிடப் பொதுக்குழுவில் தீர்மானம் வேண்டும்." முதல் செய்திக்கு யாரும் பதில் போடவில்லை. இரண்டாவதற்கு 14 பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள்.

செயலாளர் நடைப்பயிற்சியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்கதான் கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டுப் போறீங்களே, அந்தம்மா கேட்டதுக்கு ஒரு பக்கம் எழுதிக் குடுத்துடுங்க" என்றார். ஒரு பக்கத்தில் முடிகிற விஷயம் இல்லை. அதோடு, இரண்டு செய்திகளும் வேறு வேறு கேள்விகள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பறவையை ஒரு இடத்தில் நம்பிப் போய்ப் பார்க்கலாம் என்றால், அந்த நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கும். நம் பக்கத்து ஊர்களிலேயே அப்படி இரண்டு வரலாறுகள் உண்டு. முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன். நம் மலைக்கும் நம் மரத்துக்கும் பிறகு வருகிறேன்.

நான் 1969-ல் ஐந்தாம் வகுப்பு. சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை ஒரு பஸ்ஸில் ஏற்றி மாமல்லபுரத்துக்கு அழைத்துப்போனார்கள். வழியில் திருக்கழுக்குன்றம். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஏறி முடித்ததும் வாத்தியார் எங்களைப் பாறை ஓரத்தில் உட்காரவைத்து, "பேசாம இருங்க, பன்னெண்டு மணிக்குக் கழுகு வரும்" என்றார். பறவை கைக்கடிகாரமா கட்டியிருக்கிறது என்று ஒருவன் கேட்டு அடி வாங்கினான். அவன் இன்னும் அழுதுகொண்டிருக்கும்போதே வந்துவிட்டன. இரண்டு. வெள்ளை உடம்பு, கறுப்பு ஓரம் வைத்த இறக்கை, மஞ்சள் முகம். பண்டாரம் ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டும் கோழி நடப்பதுபோல் நடந்து வந்து, அவர் வைத்ததைச் சாப்பிட்டு, அலகைப் பாறையில் துடைத்துவிட்டுப் போய்விட்டன. எங்கள் ஊரில் செத்த மாட்டைத் தின்ன வரும் கழுகுகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரைப் பொங்கல் தின்னும் கழுகை அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பறவையின் பெயர் மஞ்சள்முகப் பாறு. ஐரோப்பாவின் தெற்கிலிருந்து ஆப்பிரிக்கா, அரபு நாடுகள், நம் நாடு வரை பரந்து வாழும் ஒரு சிறிய பிணந்தின்னிக் கழுகு. எகிப்து நாட்டின் பெயரை ஒட்டித்தான் ஆங்கிலத்தில் அதைக் குறிப்பிடுகிறார்கள். செத்தது, குப்பை, சாணம் எதையும் ஒதுக்காது. அதனால் நெய்யும் சர்க்கரையும் அரிசியும் கோதுமையும் சேர்த்த உருண்டையை அது தின்றதில் பறவை நூலார்களுக்கு ஆச்சரியம் இல்லை. அவர்களை ஆச்சரியப்பட வைத்தது அதன் ஒழுங்குதான்.

கோயில் கதைப்படி அவை சாபம் பெற்ற முனிவர்கள். எட்டுப் பேர், யுகத்துக்கு இருவர். காலையில் காசியில் நீராடி, நடுப்பகலில் கழுக்குன்றத்தில் உண்டு, மாலையில் இராமேசுவரத்தில் வழிபட்டு, இரவு சிதம்பரத்தில் தங்குகின்றன என்பார்கள். ஒருநாள் வரவில்லை என்றால் கூட்டத்தில் பாவி ஒருவர் இருக்கிறார் என்று பொருள். (அன்று அடி வாங்கிய பையனை எல்லோரும் திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. நல்லவேளையாகப் பறவை வந்துவிட்டது.) தேவார மூவரும் பாடிய தலம் அது. ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் இந்த மலைக்கு வந்து, அங்குள்ள பல்லவர் காலக் குடைவரையில் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் காதலர்கள் கோட்டைச் சுவரில் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். 300 ஆண்டு ஆனதால் அது ஆதாரமாகிவிட்டது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பறவையும் 300 ஆண்டு உயிர்வாழாது. மஞ்சள்முகப் பாறு கூண்டில் வளர்ந்தாலும் 37 ஆண்டுதான் அதிகம். அப்படியானால் ஒரு ஜோடி போக, அடுத்த ஜோடி அந்த இடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் பண்டாரத்தின் வேலை தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டு தரப்பிலும் வாரிசு மாறிக்கொண்டே இருக்க, கணக்கு மட்டும் தொடர்ந்து நடந்தது. வங்கியில் பழைய வாடிக்கையாளர் குடும்பங்களோடு எங்களுக்கு இருந்த உறவு இப்படித்தான்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதமும் புள்ளியியலும் கற்பித்த பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, 1977-ல் இந்தக் கழுகுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எங்கே தெரியுமா? பறவை ஆர்வலர்கள் தங்களுக்குள் நடத்திக்கொண்டிருந்த ஒரு செய்திமடலில். இன்று ஆராய்ச்சியாளர்கள் அதைத் தேடிப்பிடித்து மேற்கோள் காட்டுகிறார்கள். செய்திமடல்தானே என்று நம் காலாண்டிதழை அலட்சியமாகப் பார்ப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

1984-ல் மதுராந்தகம் பக்கத்துக் கிளை ஒன்றில் எழுத்தராக இருந்தபோது இரண்டாம் முறை போனேன். வந்தன. மூன்றாம் முறை 2011-ல், மனைவியோடு. பன்னிரண்டு மணிக்குப் பாறை காலியாக இருந்தது. கீழே தேங்காய்க் கடை வைத்திருந்த பெரியவரிடம் எப்போதிலிருந்து வருவதில்லை என்று கேட்டேன். "அது ஆச்சுங்க, ரொம்ப நாளாச்சு" என்றார். பக்கத்துக் கடைக்காரர் 1994 என்றார். வேறொருவர் இல்லை, 1998 என்றார். எழுதப்பட்ட குறிப்புகளிலும் இந்த இரண்டு ஆண்டுகளும்தான் மாறி மாறி வருகின்றன. முப்பத்தாறு வருடம் பேரேட்டில் தேதி போட்டுப் பிழைத்தவன் நான். நூற்றாண்டுக் கணக்கில் ஊரே பார்க்க நாள் தவறாமல் நடந்த ஒன்று, நின்றுபோன தேதி மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. வந்த கழுகைப் பார்க்க ஆயிரம் பேர் ஏறினார்கள். வராத கழுகை, நாளைக்கு வரும், அடுத்த வாரம் வரும் என்று விட்டுவிட்டார்கள்.

ஏன் நின்றது என்பதற்குக் கலியுகம் என்று ஊரில் ஒரு பதில் உண்டு. இன்னொரு பதில் 2004-ல் வந்தது. நம் நாட்டிலும் பாகிஸ்தானிலும் நேபாளத்திலும் கழுகுகள் கொத்துக்கொத்தாகச் சாவதற்குக் காரணம், மாட்டுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்குளோஃபெனாக் மருந்து என்று கண்டுபிடித்தார்கள். ஊசி போட்ட மாடு செத்தால், அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழக்கும். 1990-களில் அந்த மருந்து நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. வெண்முதுகுப் பாறு என்ற இனம் 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு விழுந்துவிட்டது. மஞ்சள்முகப் பாறும் சரிந்து, 2007-ல் உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. மாட்டுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்த 2006-ல் இந்திய அரசு தடை விதித்தது. நான் சிறுவனாக எங்கள் ஊர் மந்தைவெளியில் பார்த்த கழுகுகளும் இதே காலத்தில்தான் போயின. அவை எந்த வருடம் போயின என்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்போது நான் வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் இன்று கழுகுகளை நம்பிப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்குதான்.

இனி இரண்டாவது வரலாறு. திருக்கழுக்குன்றத்திலிருந்து வேடந்தாங்கலுக்கு ஒரு மணி நேரப் பயணம். கிளையில் வேலை பார்த்த காலத்தில் சனிக்கிழமை அரைநாள் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவேன். பறவைப் பைத்தியம் எனக்கு அங்கேதான் பிடித்தது. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள். கார்த்திகை, மார்கழியில் போனால் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா என்று மரத்துக்கு மரம் சந்தைக்கடைதான். பெயரைக் கேட்டால் வேடர்கள் தங்கிய இடம். நிலக்கிழார்கள் வேட்டையாடிய ஏரி என்றும் சொல்வார்கள். அந்த ஊர் எப்படிப் பறவைக்குப் புகலிடமானது?

காரணம் எச்சம்தான். ஆயிரக்கணக்கான பறவைகள் இரவும் பகலும் ஏரிக்குள் போடும் எச்சம் தண்ணீரில் கரைகிறது. மடை திறந்தால் அந்தத் தண்ணீர் உரத்தோடு வயலுக்குப் போகிறது. யூரியா மூட்டை பார்த்திராத காலத்தில் அது எத்தனை பெரிய வரவு என்று விவசாயக் கடன் மனுக்களைப் படித்தவனுக்குத் தெரியும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊர்க்காரர்கள் திரண்டு செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போனார்கள். அப்போது கலெக்டர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்து ஏரி காத்த ராமர் கதையில், மழை இரவில் கரைமேல் வில்லோடு இருவர் நிற்கக் கண்டதாகச் சொல்லப்படும் அதே துரைதான். அவர் 1798 வாக்கில் ஊருக்கு ஒரு கவுல் கொடுத்தார். கவுல் என்றால் சர்க்கார் எழுதித்தரும் உறுதிப் பத்திரம். இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது, பிடிக்கக்கூடாது, இது ஊராரின் உரிமை என்று அதற்குப் பொருள்.

அறுபது வருடம் கழித்து 1858-ல் ஊரார் மறுபடியும் கலெக்டரிடம் போய் அந்த உரிமையைப் புதுப்பித்து வாங்கினார்கள். இந்த இடத்தை நான் ஒவ்வொரு முறையும் நின்று யோசிப்பேன். கம்பெனி ஆட்சி முடிந்து ராணி ஆட்சி வருகிற வருடம் அது. சிப்பாய்க் கலகம் நடந்து ஓய்கிற நேரம். மேலே யார் ஆள்கிறார் என்பதே மாறிக்கொண்டிருக்கும்போது, ஒரு சின்னக் கிராமம் தன் நாரைகளுக்கான பத்திரத்தைப் புதுப்பிக்க நினைத்திருக்கிறது. காலாவதி ஆவதற்குள் ரினிவல் செய்ய மறந்து வட்டி இழந்த எத்தனை பேரை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன்!

1936-ல் அரசு அதை முறையாகப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. அ. மாதவையாவின் மகனும் இயற்கை எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் 1960-ல் வனத்துறைக்காக வேடந்தாங்கலைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022-ல் உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. சட்டம், துறை, பட்டியல் எல்லாம் வருவதற்கு முன்பே 138 ஆண்டு அந்த இடத்தைக் காத்தது ஒரு கவுலும் அதை மறக்காத ஊரும்தான்.

அங்கேயும் எல்லா வருடமும் ஒரேமாதிரி இல்லை. மழை பொய்த்து ஏரி நிரம்பாத வருடம் கூடுகள் இருக்காது. மழை வந்த வருடம் திரும்ப வந்துவிடும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் பறவை இருக்கிறது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று செய்தித்தாளில் வருடாவருடம் படிப்பீர்களே, அதுவும் இந்த வகைதான். திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்தில் ஏரியில் இடம் போதாமல் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். யாரும் விரட்டுவதில்லை.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம்.

கல்வராயன் மலையில் என்ன பறவை என்று பழைய புத்தகத்தில் தேடிப் பார்த்தால் ஏமாற்றம்தான். 1929-30-ல் ஆர்தர் வெர்னே என்ற செல்வந்தரின் பணத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடத்தியது. சேர்வராயன் மலையில் முகாம் போட்டார்கள். நம் மலைக்கு அடுத்த வீடான சித்தேரி மலையிலும் போட்டார்கள். ஹியூ விஸ்லர் எழுதிய அறிக்கை 1930-களில் பகுதி பகுதியாக அந்தச் சங்கத்தின் இதழில் வந்தது. சித்தேரியோடு சுவர் ஒட்டியிருக்கும் நம் மலை அன்று மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்ததே 1976-ல்தான். மலைக்கு ரோடு வந்ததும் பஸ் வந்ததும் பிறகுதான். ஏட்டில் இல்லாததால் பறவை இல்லை என்று ஆகாது. ஏடு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

எழுதாத ஏடு எங்கே இருக்கும் என்பதற்கு ஆந்திரத்தில் ஒரு சான்று உண்டு. மதராஸ் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டானின் பெயரைத் தாங்கிய ஒரு பறவை, இரவில் புதர்க்காட்டில் நடமாடும் தரைப்பறவை, 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தது என்றே பலர் முடிவுகட்டினார்கள். பம்பாய்ச் சங்கத்தார் கடப்பை மாவட்டத்தில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கேட்டுப்போனபோது, பறவை பிடிக்கும் உள்ளூர்க்காரர்கள், தெரியுமே என்றார்கள். 1986 ஜனவரியில் அவர்களில் ஒருவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். 86 வருடம் புத்தகத்தில் செத்திருந்த பறவை, அந்த ஊர்க்காரருக்கு ஒருநாளும் சாகவில்லை.

எனக்கும் மலையில் இப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தார். கடைசி ஏழெட்டு வருடம் மலைக்கிராமத்துக் கடன் வசூலுக்காக மேலதிகாரியோடு மேலே போய்வருவேன். வரகும் சாமையும் போடும் ஒரு மலையாளிப் பெரியவர், வசூலுக்கு வந்த எங்களுக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, எந்த ஓடைக்கு எந்த மாதம் எது வரும் என்று சொல்லுவார். நான் பாஸ்புக் உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்வேன். பணி ஓய்வுக்குப் பிறகு அந்தக் குறிப்புகளை ஒரு நீளநோட்டுக்கு மாற்றினேன். இப்போது அந்த அம்மாவின் மகனுக்கு அதிலிருந்து கொஞ்சம்.

தம்பி, ஆறுமணிக்குருவியைப் பார்க்க ஆசை இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் முன் வரும் புதர்க்காட்டு ஓடைகளுக்குப் போ. இமயமலை அடிவாரத்தில் குஞ்சு பொரித்து, குளிருக்கு நம் பக்கம் வரும் பறவை அது. உடம்பில் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் உண்டு. ஆனால் கண்ணில் படாது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரண்டு முறை விசில் அடிப்பதுபோல் கூப்பிடும். அசையாமல் அரைமணி நேரம் உட்கார்ந்தால் சருகைப் புரட்டிக்கொண்டு வெளியே வரும். நான்காவது தெருவில் ஐந்தாறு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி இரவில் மாடிப்படியில் கலர் கலராக ஒரு பறவை மயங்கிக் கிடந்ததே, வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியில் வைத்துக் காலையில் விட்டாரே, அது இதுதான். இரவில் பறந்து வந்து களைத்து விழுந்தது.

கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. தண்ணீர் நிறைந்து ததும்பும்போது பறவை குறைவு. தை, மாசியில் தண்ணீர் இறங்கிச் சேற்று விளிம்பு தெரிய ஆரம்பித்ததும் போ. நாரையும் கொக்கும் உள்ளான்களும் அந்த விளிம்பில்தான் இரை தேடும். காலை எட்டு மணிக்குள் போய்விடவேண்டும். வெள்ளிமலையில் சில்வர் ஓக் மரங்களுக்குப் பக்கத்திலும் வீட்டுக் கொல்லைகளிலும் செம்மீசைச் சின்னான் சாதாரணம். தலையில் கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு. கீழே நம் ஊரில் இருப்பது பெரும்பாலும் அதன் தம்பி, கொண்டைக்குருவி. எந்த வளைவில் அண்ணன் தொடங்குகிறான், தம்பி முடிகிறான் என்று மலை ஏறும்போது எண்ணிக்கொண்டே போனால் புராஜெக்ட் முடிந்தது. தூக்கணாங்குருவிக்கு எங்கும் போகவேண்டாம். பைபாஸைத் தாண்டி வயல் கிணறுகளின் மேல் சாய்ந்த பனையையும் ஈச்சையையும் பார்.

ஆந்தை இருக்கும் இடம் எனக்கு மூன்று தெரியும். சொல்லமாட்டேன். மாந்திரீகம் என்று அதைப் பிடித்து விற்கிற கூட்டம் இன்னும் இருக்கிறது. மயில் முட்டை இருக்கும் இடமும் அப்படித்தான். நோட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்டேட்மெண்டாகக் கொடுத்துவிட முடியாது.

கடைசியாக நம் பூங்கா.

நான் பணி ஓய்வு பெற்று இந்த வீட்டுக்கு வந்தது 2018-ல். அந்த ஐப்பசியில் இரண்டு தூங்குமூஞ்சி மரங்களிலும் சேர்த்து உண்ணிக்கொக்குக் கூடு நான்கு. மாடு மேயும் இடத்தில் கூடவே நடக்குமே, அந்த வெள்ளைக் கொக்கு. அடுத்த வருடம் மடையான் வந்தது. பிறகு வக்கா வந்தது. அதுதான் இருட்டியதும் "க்வாக்" என்று கத்திக்கொண்டு பறந்து, உங்களில் சிலரைத் தூக்கத்தில் எழுப்புகிறது. இவை எதுவும் அபூர்வப் பறவை இல்லை. எங்கும் இருப்பவை. இதே வக்காவும் மடையானும் உண்ணிக்கொக்கும்தான் வேடந்தாங்கலிலும் கூடு கட்டுகின்றன. முன்பு நம் ஊர்ப்புறத்து ஏரிக்கரைகளில் கருவேலமரங்கள் நின்றன. அவற்றில் கட்டிக்கொண்டிருந்திருக்கும். கரைகளை அகலப்படுத்தியபோது மரங்கள் போயின, இங்கே வந்துவிட்டன என்பது என் ஊகம்.

எச்சம் நாறுகிறது என்பது உண்மை. என் ஸ்கூட்டரும் அந்த மரத்தடியில்தான் நின்றது, சீட்டைத் தேய்த்துத் தேய்த்து நிறமே போய்விட்டது. எதிர்வீட்டுக்காரரின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டில் ஆஸ்துமாக்காரர் ஒருவரும் இருக்கிறார். ஆனால் இரண்டு விஷயத்தைப் பொதுக்குழு தெரிந்துகொள்ளவேண்டும். ஒன்று, பறவையின் முட்டையையும் கூட்டையும் சேதப்படுத்துவதையும் 1972 சட்டம் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டில் குஞ்சு இருக்கும்போது கிளையை வெட்டத் தீர்மானம் போட்டால், கையெழுத்துப் போடும் நிர்வாகிகள்தான் பதில் சொல்லவேண்டிவரும். இரண்டு, கூடு இருப்பது வருடத்தில் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் கார்களை மேற்கு வாயில் பக்கம் மாற்றி நிறுத்த இடம் இருக்கிறது, நான் அடி வைத்து அளந்துவிட்டேன். ஒன்பது வண்டி நிற்கும். மரத்தடியில் காய்ந்த சருகைப் பரப்பி, வாரம் ஒருமுறை வாரி நம் உரக்குழியில் போட்டால் நாற்றமும் குறையும், பூங்காவுக்கு உரம் வாங்கும் செலவும் குறையும். போன வருடக் கணக்கில் உரத்துக்கு எவ்வளவு போயிற்று என்று பொருளாளரைக் கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

வெட்டுவதென்று பெரும்பான்மை முடிவு செய்தால் மாசி முடிந்து கூடுகள் காலியான பிறகு வெட்டட்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவருவேன். வெட்டும் தேதியை மினிட்ஸ் புத்தகத்தில் பறவை எண்ணிக்கையோடு எழுதவேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில் உண்டு.

பொதுக்குழு வரும் மாதம் இரண்டாவது ஞாயிறு காலை 10 மணி. நோட்டை எடுத்து வருகிறேன், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாவது தெருத் தம்பியும் வரவேண்டும், போன ஞாயிறு அவன்தான் கீழே நின்று எண்ணிச் சொன்னான், நான் எழுதினேன். அந்தப் பதிவு இது: உண்ணிக்கொக்குக் கூடு 23, மடையான் 9, வக்கா 11. வடக்கு மரத்தின் தாழ்ந்த கிளையில் வக்காக் குஞ்சு இரண்டு, இன்னும் பறக்கவில்லை.